முனியப்பனுக்குக் கனகா எழுதிய சீட்டு

சாந்தாமேரி முப்பது வருஷமாக அடுத்தவர் கடிதங்களைப் படித்தே பிழைப்பவள். அதற்கு மனோதத்துவப் படிப்பும் பட்டமும் உண்டு, கோர்ட்டில் கொஞ்சம் மரியாதையும் உண்டு. மிரட்டல் கடிதம், மொட்டைக் கடிதம், காதலித்து ஏமாற்றியவன் எழுதிய பதினெட்டுப் பக்கம் என்று எதைக் கொடுத்தாலும், எழுதியவர் மனசு எந்த வரியில் நிமிர்ந்து நிற்கிறது, எந்த வரியில் ஒளிந்துகொள்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிடுவாள். வீட்டுக்காரர் ஜாபெஸ் மட்டும் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி நான் எழுதின லெட்டரையும்தானே படிச்சே, குறட்டை விடுவேன்னு கண்டுபிடிச்சியா?" என்று கேட்பார். 

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, இலவச சட்ட உதவி வக்கீல் விஜயகுமார் சேலத்தில் அவள் வீட்டுக்கு வந்து மேசைமேல் ஒரு ஜெராக்ஸ் தாளை வைத்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். நூல் கோத்துக் கட்டிய ஓட்டை, ஜெராக்ஸிலும் கறுப்புப் புள்ளியாக விழுந்திருந்தது.

"கொலைக் கேஸ் மேடம். கனகான்னு ஒரு அம்மா, முப்பத்தெட்டு வயசு. ஏற்காட்டுக்கு மேல நாகலூர் பக்கம் எஸ்டேட் லைன்ல, தொழிலாளிங்க வரிசை வீட்ல ஒண்ணு. புருஷன் ஜீவானந்தம் போன மாசம் மிளகு பறிக்கையில ஏணியோட விழுந்து இறந்துட்டார். விபத்துன்னு எழுதி மூடியாச்சு. இருபது நாள் கழிச்சு இது கிடைக்குது."

"கிடைக்குதுன்னா, யாருக்குக் கிடைச்சது?"

அந்தக் கதையைச் சொல்ல விஜயகுமாருக்கே எரிச்சலாக இருந்தது. எஸ்டேட் எல்லையில் ஒரு முனியப்பன் உண்டு. கூரை இல்லை, மதில் இல்லை. ஒரு மரத்தடி, மூன்று கல், நட்டுவைத்த வேல்கள், அவ்வளவுதான் கோயில். ஏற்காட்டுக்கு வந்து ஏரியும் படகும் அலுத்துப்போன ஒரு சுற்றுலாக் கோஷ்டி, யாரும் பார்க்காத இடத்தைப் பார்க்கிறேன் பேர்வழி என்று அங்கே போயிருக்கிறது. வேலில் கட்டியிருந்த தாளை அவிழ்த்துப் படித்திருக்கிறது. சாமிக்குக் கட்டியதை அவிழ்க்கலாமா என்று அதில் ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை. படம் எடுத்து, 'கொலைகாரியின் வாக்குமூலம்' என்று தலைப்பும் வைத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டு, பக்கோடா தின்னப் போய்விட்டார்கள். நாலு நாளில் அது ஊரெல்லாம் சுற்றி ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு விசாரித்தபோது கனகா, "என் கையெழுத்துதானுங்க" என்றாள். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. இப்போது சேலத்தில் ரிமாண்டில் இருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை ஜாமீன் மனு வருது. துக்கத்துல மனசு கலங்கி எழுதினது, நிஜமில்லைன்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா பிடிச்சுக்குவேன். இல்லாட்டி இந்தத் தாளை வெச்சே ஆயுள் தண்டனை வரைக்கும் கொண்டுபோயிருவாங்க."

"படிச்சதுல என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவேன் தம்பி," என்றாள் சாந்தாமேரி. அவர் போனதும் ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து படித்தாள்.

'முனியப்பசாமிக்குக் கனகா எழுதுறது. எங்க ஊட்டுக்காரரு ஜீவானந்தத்தைக் கொன்னது நான்தானுங்க சாமி. வேற ஆரும் இல்லீங்க. ஏணிய உட்டது என் கைதானுங்க. மொதல்ல மூங்கில் ரெண்டு தரம் கிரீச்சுன்னுச்சு. அவரு புடி புடின்னாரு. அப்பறம் மொளகுக்கொடி அறுந்துட்டு வர்ற சத்தம், மேலருந்து கீழ வரைக்கும். அப்பறம் தொம்முன்னு ஒண்ணு. அப்பறம் அவரு சத்தமே இல்லீங்க. பையில இருந்த மொளகுதான் சருகு மேல பொட்டுப் பொட்டுன்னு உழுந்துட்டே இருந்துச்சு, நொம்ப நேரம். அது நின்னதும் ஒண்ணுமே கேக்கலீங்க. அவரு சுத்தி வந்து ஆரு ஆருன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க சாமி. வேற ஆரு பேரையும் சொல்லீராதீங்க. அவரைக் கஷ்டப்படுத்தாம அனுப்பி வெய்யுங்க.'

காப்பி ஆறிப்போயிற்று. இரண்டாம் தரம் பென்சிலோடு படித்தாள். மூன்றாம் தரம் படித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

ஏனென்றால் இது இட்டுக்கட்டிய கதை இல்லை. செய்யாததைச் செய்தேன் என்கிறவர்கள் காரணத்தை வளவளவென்று நீட்டுவார்கள், சம்பவத்தை ஒரே வரியில் தாண்டுவார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். காரணம் ஒரு வார்த்தைகூட இல்லை, சம்பவம் அடி அடியாக இருக்கிறது. ஆள் விழுந்த பிறகும் மிளகு சருகின்மேல் உதிர்ந்துகொண்டிருந்தது என்று யாரால் கற்பனை பண்ண முடியும்? அதை அனுபவித்தவள்தான் எழுத முடியும். சாயங்காலம் விஜயகுமாருக்குப் போன் பண்ணி, மனசைக் கல்லாக்கிக்கொண்டு இதைச் சொன்னாள்.

 "இன்ஸ்பெக்டரும் அதைத்தான் சொல்றார் மேடம். அன்னைக்கு அந்த அம்மா காய்ச்சல்னு லீவு. வீட்ல தனியா இருந்திருக்காங்க. சேதி சொல்ல எஸ்டேட் ரைட்டர் ஆள் அனுப்புறதுக்கு முன்னாடியே, அவங்க தலைவிரி கோலமா மிளகுத் தோட்டத்துக்குப் போற வழியில ஓடி வந்திருக்காங்க. பொம்பளைங்க வழியிலேயே பிடிச்சு நிறுத்தி உட்கார வெச்சிருக்காங்க. சேதி போகாம எப்படித் தெரியும்னு கேட்டா பதில் இல்லை."

"ஏணி பிடிக்கிற ஆள்னு ஒருத்தர் இருப்பாரே?"

"தம்பிதான். கனகாவோட தம்பி கமலக்கண்ணன். அவன் சாக்கு எடுத்துட்டு வரப் போயிருந்தேன்னு சொல்றான்."

அன்றிரவு சாந்தாமேரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான் எழுதப்போகிற இரண்டு வரி ஒரு பெண்ணை உள்ளே தள்ளிவிடும் என்று தெரிந்தது. ஆனாலும் அந்தக் கடைசி வரி அவளைத் தூங்கவிடவில்லை. கொன்றவள் செத்தவனைக் கஷ்டப்படாமல் அனுப்பி வையுங்கள் என்று கெஞ்சுவாளா?

செவ்வாய்க்கிழமை விஜயகுமார் ஏற்பாட்டில் கனகாவை ஜெயிலில் நேரில் பார்த்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒடிசலாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். காய்ச்சல் வந்துபோன களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது. மூக்குத்தி கழற்றிய இடம் வெளுத்திருந்தது.

சீட்டைப் பற்றிக் கேட்ட எதற்கும் கனகா வாய் திறக்கவில்லை. மரியாதைக் குறைவாக இல்லை, சும்மா கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தாமேரி வேறு பக்கமாக வந்தாள்.

"அவர் விழுந்ததும் கிட்டப் போய்ப் பார்த்தீங்களா கனகா?"

கனகாவின் கண் சட்டென்று நிறைந்தது. "பாக்கலீங்க," என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அவளே கூப்பிட்டாள். "ஏனுங்கம்மா, எந்தம்பியப் பாப்பீங்களா? நேரத்துக்குச் சோறு திங்கறானான்னு கேளுங்க. எங்கம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசுங்க. நான்தான் வளத்துனேன். எங்க ஊட்டுக்காரரும் அவனத் தோள்லயே தூக்கிட்டுத் திரிவாரு."

"வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க." அந்த ஒரு வார்த்தையில் பதற்றம் இருந்தது. "என்னைப் பாக்க வர வேண்டாம்னு சொல்லுங்க. அவன் மொகத்தப் பாத்தா எனக்குத் தாங்காது."

சோறு தின்றானா என்று தவிக்கிறவள், வராதே என்கிறாள். சாந்தாமேரி அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள், எதற்கென்று தெரியாமலேயே.

புதன்கிழமை காலை ஏற்காடு பஸ் ஏறினாள். பதினோராவது கொண்டை ஊசி வளைவில் ஜாபெஸ் போன் பண்ணினார்.

"ஏறிட்டியா? பின்னாடி யாரோ வாந்தி எடுக்கிறாங்க போலருக்கே. அந்தக் குழந்தைக்கு ஜன்னல் சீட்டைக் கொடுக்கச் சொல்லு, என்னமா அழுவுது. கண்டக்டர் யாரைப் படியில நிக்காதேன்னு திட்றார்? சரி சரி, எதிர்ல லாரி வருது, ஹாரன் காதைக் கிழிக்குது. நான் அப்புறம் பேசறேன், அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

அவர் போனை வைத்த பிறகும் சாந்தாமேரி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வீட்டில் அடுப்படியில் நிற்கிற மனுஷன் பஸ்ஸையே சொல்லிவிட்டார். குழந்தையின் அழுகை தெரியும், சட்டை நிறம் தெரியாது. லாரி தெரியும், அதன்மேல் என்ன பாரம் என்று தெரியாது.

கைப்பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்தாள். பஸ் குலுங்கிய குலுக்கலில் எழுத்து ஆடியது, இருந்தாலும் விரலை வைத்து வரி வரியாகப் போனாள். கிரீச் என்றது. புடி என்றார். கொடி அறுந்த சத்தம். தொம் என்றது. மிளகு உதிர்ந்த சத்தம். அந்தத் தாள் முழுக்கக் காதுதான் இருந்தது, கண் என்பதே இல்லை. ரத்தம் இல்லை, கை கால் விழுந்த கோலம் இல்லை, முகம் இல்லை. புருஷன் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் முகத்தை எழுதாமல் இருப்பாளா? பாக்கலீங்க என்று அவளே சொன்னாளே.

முப்பது வருஷம் படித்த படிப்பு இதைச் சொல்லவில்லை, பால் காய்ச்சுகிற ஜாபெஸ் சொல்லிவிட்டார். சாந்தாமேரிக்கு அவர்மேல் கோபமும் பிரியமும் ஒன்றாக வந்தது.

நாகலூரில் இறங்கியபோது முந்தின நாள் பெய்த மழைக்குக் காப்பிச் செடிகள் பூத்து, வழியெல்லாம் வாசனையாக இருந்தது. கனகா வீட்டுக்கு அடுத்த வீடு ராசாத்தியுடையது. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவள், கனகாவின் வயசுக்காரி. வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் முறைத்தாள்.

"உங்களாட்டப் படிச்சவங்கதான் சாமி சீட்டை அவுத்து ஊருக்கெல்லாம் காட்டுனது. இன்னும் என்ன வேணும்?"

"அந்தச் சீட்டு என்ன சீட்டுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க. தெரியாமலே கனகாவை உள்ள வெச்சிருவாங்க. நாளன்னிக்குக் கோர்ட்டு."

ராசாத்தி கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "நாப்பத்தெட்டு நாள் முடியற வரைக்கும் அதப் பத்திப் பேசக் கூடாதுங்க. பேசுனா சீட்டு பலிக்காது. அதான் லைன்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல. சரி, சாமி கோவிச்சுக்கிட்டா என் மேல கோவிச்சுக்கட்டும்."

அந்த லைனில் நாலைந்து தலைமுறையாக ஒரு வழக்கம். ஆயுசு முடியாமல் ஒருவர் அடிபட்டோ காய்ச்சலிலோ போய்விட்டால், அவர் போக மாட்டாராம். என்னைக் கொன்றது யார், யார் என்று கேட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றியே வருவாராம். யாராவது ஒருத்தர் நான்தான் என்று சொன்னால்தான் அவருக்குக் கேள்வி அடங்கும், கிளம்பிப் போவார். அதை யார் சொல்வது? செத்தவர்மேல் யாருக்கு உயிரோ அவர்தான் எழுதி முனியப்பன் வேலில் கட்ட வேண்டும்.

"எம்மவ டெங்குல போனாளுங்க, ஆறு வயசு. நானும் எழுதுனேன். உன்னைக் கொன்னது உங்கம்மாதான் சாமின்னு எழுதிக் கட்டுனேன். அப்பறந்தான் எனக்கே சோறு எறங்குச்சு." ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அதப் பாத்தா போலீஸ் என்னையும் புடிச்சுட்டுப் போயிருக்குமுங்க."

சாந்தாமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிழை தன்மேல் இல்லை என்று எத்தனை தாய்மாருக்குத் தன் ஆலோசனை அறையில் உட்காரவைத்து எடுத்துச் சொல்லியிருப்பாள். இந்த ஜனங்கள் அதற்கு நேர் எதிராகச் செய்து ஆறிக்கொள்கிறார்கள். எது சரி என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் இது போதாது. நான்தான் கொன்றேன் என்ற வரிக்கு வழக்கம் பதில் சொல்லும். சருகில் உதிர்ந்த மிளகுக்கு யார் பதில் சொல்வது?

கமலக்கண்ணன் கனகாவின் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். இருபத்திநாலு வயசு. வேலைக்குப் போய் முப்பத்தாறு நாள் ஆகிறது என்றாள் ராசாத்தி. கன்னம் ஒட்டி, தாடி மண்டி, சாந்தாமேரியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உங்கக்கா நீ சோறு தின்னியான்னு கேட்டாங்க," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். 

"ஏணி பிடிக்கிற வேலைன்னா என்ன, எனக்குச் சொல்லு தம்பி. எனக்கு மலை வேலை தெரியாது."

அதை அவனால் சொல்ல முடிந்தது. மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி முப்பது, நாற்பது அடி ஏறியிருக்கும். ஏணி என்பது ஒரே ஒரு மூங்கில்தான், கால் வைக்கக் கணுவில் கிளைத் துண்டை வெட்டாமல் விட்டிருப்பார்கள். மேலே போகிறவர் இரண்டு கையாலும் பறிக்க வேண்டும், அதனால் கீழே ஒருத்தர் இரண்டு கையாலும் பிடித்தே ஆக வேண்டும். மேலே போகிறவர் கீழே பிடிக்கிறவரை நம்பித்தான் போகிறார். "மாமா வேற ஆரு புடிச்சாலும் ஏற மாட்டாருங்க. எம்மாப்ள புடிச்சாத்தான் ஏறுவேன்னு சொல்லுவாரு."

"அக்கா எழுதின சீட்டைப் படிச்சியா?"

"மொத வரி படிச்சனுங்க. அதுக்கு மேல முடியலீங்க."

சாந்தாமேரி அவனையும் உட்காரச் சொல்லி, படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெராக்ஸை எடுத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். மூங்கில் கிரீச்சென்றது என்ற இடத்தில் அவன் விரல்கள் முழங்காலைப் பற்றின. 'புடி புடின்னாரு' என்றபோது முகம் வெளுத்தது. சருகின்மேல் மிளகு விழுந்த வரிக்கு வந்ததும் எழுந்துவிட்டான்.

"இது அக்காளுக்கு எப்புடிங்க தெரியும்? அங்க ஆருமே இல்லீங்களே. நான் மட்டுந்தானுங்களே..."

சொல்லிவிட்டான். சொன்னதை அவன் காதே அப்போதுதான் கேட்டது. ராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன் போனைக் கொடு கண்ணு," என்றாள் சாந்தாமேரி.

அந்தப் போனை அவன் அன்றிலிருந்து யாரையும் கூப்பிட எடுக்கவேயில்லை. பிப்ரவரி மாதத்துக்கு விரலால் தள்ளித் தள்ளிப் போனாள். 'அக்கா' என்று இருந்தது. காலை பதினொன்று இருபது. பேசிய நேரம் ஒன்பது நிமிஷம்.

"அக்கா கூப்புட்டுச்சுங்க," என்றான் அவன். குரல் உடைந்து உடைந்து வந்தது. "ரெண்டு நாளாக் காச்சல். உட்டுருச்சு, மாமாகிட்டச் சொல்லீரு, கவலப்பட்டுட்டே ஏறப் போறாருன்னுச்சு. ஒரு கையில ஏணியப் புடிச்சுட்டு ஒரு கையில பேசுனேன். மேல பாத்து மாமாகிட்டச் சொன்னேன். அப்பறம் போனப் பையில போட்டேன். பை பொத்தானு மாட்டலீங்க, அதுக்கு ஏணியப் புடிச்ச கையவும் எடுத்தேன். ஒரு நொடிங்கம்மா. அப்பத்தான் மாமா அந்தப்பக்கம் சாஞ்சாரு. நான் போனக் கட் பண்ணிட்டேன்னு நெனச்சேன். ஒரு நிமிசங்கூடப் பேசலீங்க."

"கட் ஆகலை. உன் சட்டைப் பையிலதான் இருந்திருக்கு. உங்கக்கா அந்தப் பக்கம் கேட்டுட்டே இருந்திருக்காங்க."

கமலக்கண்ணன் போனையே பார்த்தான். ஒன்பது நிமிஷம் என்ற எழுத்து அப்படியே இருந்தது.

"அப்ப நான் கத்துனது? மாமா மாமான்னு கத்துனேனுங்க. நான் உட்டுட்டேன் மாமா, நான் உட்டுட்டேன்னு அழுதேனே. அதும் கேட்டுருக்குமே. சீட்டுல அது இல்லீங்களே."

சாந்தாமேரி தாளைப் பார்த்தாள். 'அது நின்னதும் ஒண்ணுமே கேக்கலீங்க.' திங்கட்கிழமையே அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஒரு கேள்விக்குறியும் வைத்திருந்தாள். மற்ற வரியெல்லாம் உடம்போடு இருக்க, அது ஒன்று மட்டும் வெறுமையாக இருக்கிறதே என்று பட்டது. வழக்கத்துக்காக எழுதியதைத் தள்ளிவிட்டால், அந்தச் சீட்டில் உள்ள ஒரே பொய் அதுதான். சாமியிடமே சொன்ன பொய்.

"அதை எழுதினா நீ அங்க இருந்தது தெரிஞ்சுரும்ல."

அவன் படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். அழுகை உடனே வரவில்லை. "அன்னைக்குச் சாயங்காலம் நான் அக்காகிட்டப் பொய் சொன்னனுங்க. சாக்கு எடுக்கப் போயிருந்தேன்க்கா, நான் அங்க இல்லீன்னு சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, என் தலையத் தடவுச்சுங்க. நீ அங்க இல்லாததே நல்லதாப் போச்சு சாமின்னுச்சு." சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது.  கமலக்கண்ணன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சாந்தாமேரியும் அழுதாள், இதையெல்லாம் அறிக்கையில் எழுத முடியாது என்று நினைத்துக்கொண்டே.

அவனே கேட்டான், எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்கே இரண்டு பேரும் ஜீப் பிடித்து இன்ஸ்பெக்டரிடம் போனார்கள். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். போனை வாங்கிப் பார்த்து, கணக்குக்காகப் போன் கம்பெனியிலிருந்து அழைப்புப் பட்டியலையும் வரவழைத்து, நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கமலக்கண்ணன் மேல் அஜாக்கிரதை என்று சின்னதாக ஒரு வழக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றார். அவன் வரட்டுமுங்க என்றான்.

வெள்ளிக்கிழமை கனகாவுக்கு ஜாமீன் கிடைத்தது, பின்னால் வழக்கே விபத்து என்று முடிந்தது. அதை இப்போதே சொல்லிவிடலாம், ஏனென்றால் கதை அங்கே இல்லை. அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, சாந்தாமேரி கனகாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். விடுதலை வரப்போகிறது என்று சொல்கிறவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருக்கத்தானே செய்யும், அந்தச் சந்தோஷத்தோடுதான் சொன்னாள்.

கனகா நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒடிசலான உடம்பில் அவ்வளவு கோபம் இருக்கும் என்று சாந்தாமேரி நினைத்திருக்கவில்லை.

"உங்கள ஆருங்க அதப் படிக்கச் சொன்னது? அது சாமிக்கு எழுதுனது. அவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே நான் இங்க வந்து உக்காந்துருக்கேன். நான் கேட்டது அவனுக்குத் தெரியாட்டி, ஒருநா இல்லாட்டி ஒருநா மறந்துருப்பான். கல்யாணம் காச்சின்னு ஆயிருக்கும். இனி எப்புடிங்க தூங்குவான்?"

சாந்தாமேரி வலைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு எழுதினதில்லைதான் கனகா. படிச்சது தப்புதான். ஆனா அவன் இப்பவும் தூங்கலைம்மா. முப்பத்தேழு நாளா அந்தப் படியிலதான் உட்கார்ந்திருக்கான். பொய்யைச் சுமந்துட்டு நீங்க ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். வெளியில நிக்கிறான். வேண்டாம்னா அனுப்பிடறேன்."

 கனகா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "வரச் சொல்லுங்க," என்றாள்.

கமலக்கண்ணன் தாடியை மழித்துக்கொண்டு வந்திருந்தான். தாடி இல்லாத முகம் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. வலைக்கு இந்தப் பக்கம் நின்றான், உட்காரவில்லை. அக்கா என்று ஆரம்பித்தான், மேலே வரவில்லை. மறுபடி அக்கா என்றான். சாந்தாமேரி எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள், காதில் விழாத தூரம் அந்த அறையில் இல்லை.

கனகா வலையின் ஓட்டைகளில் விரல் நுனிகளை வைத்தாள். அவனும் வைத்தான். திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தது நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவள் திட்டவில்லை. அழக்கூட இல்லை. யாரிடமும் கேட்க முடியாமல் இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்த ஒன்றை, கடைசியில் கேட்கலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டவள் போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கண்ணு, நீ பாத்தேதான? எனக்கு எல்லாம் கேட்டுச்சு, ஒண்ணுந் தெரியல. ஜீப்புல வேற வழியா எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்பறம் துணி சுத்தித்தான் குடுத்தாங்க. கடசியா மேல நின்னப்ப அவரு மொகம் எப்புடிடா இருந்துச்சு?"

கமலக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை நாள் எந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடாமலே உட்கார்ந்திருந்தானோ, அதைத் தேடிப் போனான்.

"அக்காளுக்குக் காச்சல் உட்டுருச்சாமா மாமான்னு கத்துனேன். இலைக்குள்ளார இருந்து தலைய நீட்டி எட்டிப் பாத்தாரு. தலையில கட்டுன துண்டுல மொளகெல எல்லாம் ஒட்டிட்டு இருந்துச்சு. வேர்வ. நெசமாவான்னு கேட்டாரு. ஆமாங்க மாமான்னேன். அப்ப சிரிச்சாருக்கா. பல்லெல்லாம் தெரியறாப்பல, நம்ம பழனிக்குப் போனப்ப போட்டோவுல சிரிப்பாரே, அப்புடி. வெயிலு மொகத்துலயே அடிச்சுது. கண்ண இடுக்கிட்டுச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு போறதுக்கு முன்னாடியே..."

"பயம் இல்லியா?"

"இல்லக்கா. பயப்பட நேரமே இல்ல. அந்தச் சிரிச்ச மொகந்தான்."

காவலர் அம்மா கதவருகே வந்து, நேரமாயிடுச்சு என்றார். இருவரும் திரும்பவில்லை. கனகா நெற்றியை வலையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், அவளுக்கு இப்போதுதான் கண்ணீர் இறங்கியது.

"இன்னொருக்காச் சொல்லு சாமி," என்றாள்.